தண்ணி பவுசர் போன பாதை

அத்தியாயம் 12

உபதேசியார் கிறிஸ்டியன் கோயிலில் எங்கள் இரண்டாவது கல்யாண ஓலையை வாசித்தபோது நான் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன்.

“டயகமவில் வசிக்கும் றோலண்ட், றோசலின் தம்பதிகளின் மகள் ஜெரோமிக்கும், இயக்கச்சியைச் சேர்ந்த புனிதவதி, காலஞ்சென்ற தம்பு ஆகியோரின் மகன் ஜெயதீபனுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தேன். அழகம்மா அக்கா. அவருக்கு ஒரு வாரமாகத் தடிமன் என்பது எனக்கே தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

ஆண்கள் பக்கத்தில் அப்பா தலையைக் குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தடை என்ற அந்தச் சொல்தான் போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பேச வைத்தது. முதலாவது ஓலை வாசித்த அன்று, கோயிலிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார்: “நான் கொழும்புல கராஜ்ல வேலை செய்யல புள்ள. ஆமியில இருந்தேன்.”

தோட்டத்து லொறி ஓட்டும் அப்பா. வெளி ஆட்களிடம் சத்தமாகப் பேசக்கூடத் தயங்கும் அப்பா. அவருடைய அம்மா சிங்களக் கிராமத்துப் பெண். உடப்புசல்லாவையில் பிறந்து இரண்டு மொழியும் பேசி வளர்ந்தவர். இருபது வயதில் ஆமியில் சாரதியாகச் சேர்ந்தார். ஆனையிறவு முகாமுக்குத் தண்ணீர் பவுசர் ஓட்டினார். இயக்கச்சிக் கிணறுகளில் அள்ளி, முகாமில் கொண்டுபோய் ஊற்றுவது. இரண்டாயிரமாம் ஆண்டு சித்திரையில் முகாம் புலிகளிடம் விழுந்தது. அதன் பிறகு லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. பொது மன்னிப்புக் கொடுத்த காலத்தில் கையெழுத்து வைத்து விலகி, டயகமவுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். இங்கே யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

“கடைசி நாள் பவுசர் நிறையத் தண்ணி இருந்துச்சு” என்றார் அன்று. “அணைக்கட்டு ஓரத்துல ஆமிப் பசங்க முப்பது பேரு டின்னைத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. ஷெல் விழுந்துச்சு. நான் வண்டியத் திருப்பிட்டேன். அந்த எடத்துல ஒரு தடவ எறங்கி நிக்கணும் புள்ள. மாப்பிள்ள வீடு பாக்கப் போறப்ப வேன அங்க அஞ்சு நிமிசம் நிறுத்த முடியுமா?”

நான் பயணக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஆனையிறவு, பதினைந்து நிமிடம். ஐந்து போதாது என்று எனக்குத் தோன்றியது.

வரும் வியாழக்கிழமை விடியற்காலை புறப்பட்டு, பௌர்ணமி போயா லீவுக்கு இயக்கச்சியில் தங்கி, சனிக்கிழமை திரும்புவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. அதற்கு முன், ஜெயதீபனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றேன். அப்பா ஒப்புக்கொண்டார். “நானே சொல்றேன். இந்த ஞாயித்துக்கெழமை சாப்பிட வரச் சொல்லு.”

அந்த ஞாயிறு இதுதான்.

பூசை முடிந்ததும் உபதேசியாரைத் தனியாகப் பிடித்தேன்.

“ஐயா, தடைன்னா என்னென்ன?”

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஏன் புள்ள, வேற எங்கயாச்சும் ரிஜிஸ்டர் பண்ணிட்டியா?”

“ஐயோ, இல்லைங்க.”

“மாப்பிள்ளைக்கு ஊர்ல ஏற்கனவே பொண்டாட்டி இருக்கா?”

“இல்லைங்க.”

“சைவத்துப் பையன். அதுக்கு ஆயர்கிட்ட இருந்து அனுமதிக் கடிதம் வந்திருச்சு. வேற என்ன? ரத்த உறவா?”

“அப்பா அம்மா செஞ்ச வேலையெல்லாம் தடையில வருமா?”

“அப்பா அம்மா செஞ்ச வேலைய எல்லாம் பாத்தா இந்தத் தோட்டத்துல ஒரு கல்யாணமும் நடக்காது. போய்ச் சமையலப் பாரு.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். சட்டப்படி தடை இல்லை. ஆனால் புனிதவதி மாமி இந்தச் சம்பந்தத்துக்கு ஓம் சொல்ல ஒரு வருடம் எடுத்தார். வேறு ஊர், வேறு சமயம், தோட்டத்து லயத்துப் பிள்ளை. ஒவ்வொன்றாக ஜெயதீபன் பேசிச் சம்மதிக்க வைத்தார். இதையும் பேசிச் சம்மதிக்க வைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா கோழிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். அப்பா இரண்டாவது முறையாக முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

“இருபத்தஞ்சு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்த மனுசன்” என்றார் அம்மா, அம்மிக்குச் சொல்வதுபோல. “இன்னும் ரெண்டு மாசம் இருக்க முடியாதா? தாலி ஏறட்டுமே.”

“ஏறுன பொறகு சொன்னா அதுக்குப் பேரு என்ன?” என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்தபடி.

“குடும்பம்.”

“ஏமாத்து.”

“ஆமா, பெரிய அரிச்சந்திரன். நான் மூணு நாளா மூட்டு வலியோட மாவு இடிச்சது இதுக்குத்தான்.” அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ ஏன்டி அந்தக் கொப்பியையே பாத்துக்கிட்டு நிக்கிற? தேங்காயத் திருவு.”

பதினொன்றரைக்கு ஜெயதீபன் வந்தார். ஹட்டனில் கணக்கு வாத்தியார். நான் அங்கே ஒரு புத்தகக் கடையில் வேலை செய்கிறேன். சம்பள உயர்வுக்காக அவரும், அரசாங்க வேலைக்கு விண்ணப்பிப்பதற்காக நானும் மாலைச் சிங்கள வகுப்பில் சேர்ந்தபோதுதான் பழக்கம். என் வீட்டுப்பாடத்தை அப்பா திருத்திக் கொடுப்பார். “கராஜில நல்லாத்தான் சிங்களம் படிச்சிருக்கிறார்” என்று ஜெயதீபன் ஒருமுறை சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் அவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

“மூண்டு மணிக்கு டயகம. அஞ்சரைக்கு நுவரெலியா, தேத்தண்ணி. எட்டரைக்கு கண்டி, காலைச் சாப்பாடு. உமக்கு முன்னால பள்ளிக்கூட ரைம்ரேபிள் தோத்துப்போம்.”

“தப்பா இருக்குதா?”

“ரெண்டு இடத்தில தேத்தண்ணி எண்டு போட்டிருக்கிறீர், மூத்திரத்துக்கு ஒரு இடமும் போடேல்லை.”

அம்மாவே சிரித்துவிட்டார். நான் பேனையை எடுத்தேன். ஜெயதீபனின் விரல் கீழே இறங்கி நின்றது.

“ஆனையிறவில பதினைஞ்சு நிமிசமோ? ஏன்?”

“எல்லா வேனும் நிக்குமாமே.”

“அது தெற்கில இருந்து வாற பஸ்ஸுகள் நிக்கிற இடம். இறங்கி, ஆமி நினைவுச்சின்னமா வைச்சிருக்கிற புல்டோசரோட நிண்டு படம் எடுப்பினம். நாங்கள் அதில இறங்கிறேல்லை.” அவர் குரலில் கோபம் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். “அம்மா அதைக் கடக்கேக்க மற்றப் பக்க யன்னலைப் பாப்பா. இதை வெட்டிவிடுவமோ?”

அப்பாவின் கை சோற்றில் நின்றது.

நான் வெட்டவில்லை. வெட்டுவதுபோலப் பேனையை வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். “இயக்கச்சிச் சந்தியில இருந்து வீட்டுக்கு எப்படி?”

“நேர உள்ளுக்க வாறது. பிள்ளையார் கோயில் தாண்டி...”

“அந்த வழி வேணாம் தம்பி” என்றார் அப்பா.

லொறிக்காரர்களுக்கே உரிய அந்தத் தொனியில், யோசிக்காமல், கையில் பிசைந்த சோற்றோடு சொன்னார். “கோயிலத் தாண்டுனா ஒரே மணல். பாரம் ஏத்துன வண்டி அச்சு வரைக்கும் பொதைஞ்சிரும். அதுக்கு முன்னாடியே தென்னந்தோட்டத்து ஓரமா எடது பக்கம் ஒரு பாதை போகுது. கொஞ்சம் சுத்து. ஆனா தரை இறுக்கம்.”

அவருக்கே அப்போதுதான் தான் பேசியது கேட்டிருக்க வேண்டும்.

“இப்ப எல்லாம் கார்பெட் றோட்டு, மாமா” என்றார் ஜெயதீபன் மெதுவாக. “ஆனா முந்தி அது மணல்தான். அம்மா சொல்லுவா. உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

“மடு மாதா திருநாளுக்குப் போனப்ப” என்றார் அம்மா.

“மடு மன்னார் பக்கமல்லோ, மாமி.”

“ஆமா, அங்கன இருந்துதான் சுத்திக் காட்டுனாங்க. கொஞ்சம் ரசம் ஊத்தவா?”

அப்பா எழுந்து கையைக் கழுவினார். “தம்பி, சாப்பிட்டுட்டுக் கீழ வாங்க. லொறி டயருக்குக் காத்துப் பாக்கணும். கொஞ்சம் பேசவும் வேணும்.”

அவர்கள் போன பிறகு நானும் அம்மாவும் குசினி யன்னலில் நின்றோம். கீழே, தேயிலை ஸ்டோருக்குப் போகும் பாதையில், லொறிக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். ஏதோ சொன்னார். மிகவும் கொஞ்சமாகத்தான் சொன்னார். பிறகு ஜெயதீபன் பேசினார். நீண்ட நேரம் பேசினார். கையை வீசிப் பேசினார்.

“முடிஞ்சிருச்சு” என்றார் அம்மா. “நாலு பவுணுக்கு நகை சொல்லி வச்சோமே, மாதாவே.”

“அம்மா, இருங்க. பாருங்க.”

ஜெயதீபன் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தார். அப்படியே தன் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

ஒரு வாரமாக நான் எழுதி எழுதி அழித்த எந்தக் கணிப்பிலும் இப்படி ஒரு முடிவு இல்லை. அவரைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன் என்று வெட்கப்பட்டேன்.

அவர் படி ஏறி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

“ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை, ஜெரோமி?”

“கோவமா?”

“கோவமோ? அம்மாவுக்கு முதலே தெரிஞ்சிருந்தா அண்டைக்கே ஓமெண்டிருப்பா. லயம், வேதக்காரர் எண்டு ஒரு கதையும் வந்திராது. எத்தினை மலையகப் பெடியள் எங்களுக்காண்டி வந்து நிண்டவை எண்டு எங்களுக்குத் தெரியாதோ? மாமா அதைப் பொத்தி வைச்சிருக்கிறார். பயம் விளங்குது. தோட்டத்தில ஆர் எப்பிடியெண்டு தெரியாதுதானே. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடன். அம்மாவுக்கு மட்டும்.”

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ‘எங்களுக்காண்டி’ என்ற இடத்துக்குத் திரும்பிப் போனேன்.

அவர் அப்பாவை மற்றப் பக்கத்தில், புலிகளோடு நிறுத்திவிட்டார்.

“என்ர அண்ணா திலக்ஷன்” என்றார். “வீட்டில படம் இருக்கெண்டு சொன்னனான். அவனும் அந்தச் சித்திரையில அங்கதான். பதினெட்டு வயசு. எந்த இடத்தில எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா இருபத்தஞ்சு வருசமா அவனோட நிண்ட ஒருத்தரையாவது தேடுறா. இப்ப பாரும், சம்பந்தி வீட்டிலயே ஒருத்தர். எங்க சிக்னல் கிடைக்கும்? மடுவத்தடியிலதானே?”

“கொஞ்சம் இருங்க...”

“ரெண்டு நிமிசம்.”

கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் செய்யவில்லை. அப்பா உண்மையில் என்ன சொன்னார் என்று தெரியாமல் எப்படி மறுப்பது? ஒருவேளை எனக்குச் சொல்லாத இன்னொரு கதை இருந்தால்? எதையும் சரிபார்க்காமல் வாய் திறக்கக்கூடாது என்ற என் பழக்கம் என்னை லொறியை நோக்கி இறக்கியது. அவர் மேலே ஏறிப் போனார், கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நோக்கி.

“அப்பா, என்ன சொன்னீங்க?”

அப்பா டயரின் மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். “ரெண்டாயிரத்துல இயக்கச்சியில இருந்தேன், சண்டையிலன்னு சொன்னேன். அடுத்த வார்த்தை எடுக்கிறதுக்குள்ள அந்தப் பையன் கையப் பிடிச்சிக்கிட்டான். நீங்க சொல்ல வேணாம் மாமா, எனக்கு வெளங்கிருச்சுன்னான். அழுதான் புள்ள.”

“நீங்க இல்லைன்னு சொல்லலையா?”

“சொல்ல வந்தேன். அண்ணனப் பத்திச் சொன்னான். அதுக்கு மேல வாய் வரல.”

அம்மா எங்கள் பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. கையெல்லாம் ஈரம். “அப்படியே இருக்கட்டும்” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “நீங்க பொய் சொல்லலையே. அவரா நெனச்சிக்கிட்டாரு. மாதா காட்டுன வழிங்க இது. அந்த அம்மாவுக்கும் ஒரு நிம்மதி. நம்ம புள்ளைக்கும் ஒரு மரியாத.”

“அம்மா, அவங்க மகனப் பத்திக் கேப்பாங்க.”

“தெரியாதுன்னு சொன்னா முடிஞ்சுது. ஆயிரம் பேரு இருந்த எடத்துல எல்லாரையுமா தெரியும்?”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அம்மா சொல்வது சரி என்று எனக்கும் பட்டது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படும். நான் இயக்கச்சிக்கு மருமகளாகப் போவேன். ஒவ்வொரு சித்திரையிலும் திலக்ஷன் அண்ணாவின் படத்துக்கு முன் அப்பாவையும் உட்கார வைத்து இலையில் பரிமாறுவார்கள். அங்கே வந்ததும் என் நினைப்பு நின்றுவிட்டது.

“மாமா!” மேலிருந்து ஜெயதீபன் கூப்பிட்டார். “அம்மா கதைக்கோணுமாம்!”

அப்பா எழுந்தார். மடுவத்துக்கு எழுபது, எண்பது படி இருக்கும். நடுவில் ஒரு தடவையும் நிற்காமல் ஏறினார். அம்மா அவருடைய சட்டை நுனியைப் பிடித்தபடி பின்னால் போனார். பிடித்த நுனியை விடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மடுவம் வெறிச்சோடிக் கிடந்தது. தராசுக் கொக்கி காற்றில் ஆடியது. ஜெயதீபன் சத்தத்தைக் கூட்டி போனை நீட்டினார்.

“அண்ணை, நான் புனிதவதி.” மாமியின் குரலில் நான் இதுவரை கேட்டிராத ஒரு குழைவு. “தம்பி இப்பதான் சொன்னவன். என்னெண்டு கேக்கிறதெண்டும் தெரியேல்லை. என்ர மூத்தவன். உயரம், மெல்லிசு. இடக்கண் புருவத்தில ஒரு வெட்டு இருக்கும், மரத்தில இருந்து விழுந்தது. அவனைக் கண்டனீங்களோ?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை அசைத்தார். வேண்டாம், வேண்டாம்.

“அவன் என்னெண்டு செத்தவன் எண்டு நான் கேக்கேல்லை, அண்ணை. அது வேண்டாம். கடைசியா எந்தப் பக்கம் நிண்டவன் எண்டு தெரிஞ்சாக் காணும். அந்த இடத்தில ஒரு விளக்குக் கொளுத்துவன். அவ்வளவுதான்.”

“அம்மா” என்றார் அப்பா. போனுக்கு அருகே குனிந்தார். “ஒங்க மகன நான் பாக்கல. பாத்திருக்கவும் முடியாது. நான் அந்தப் பக்கம் இல்ல. ஆமியில இருந்தேன். முகாமுக்குத் தண்ணி பவுசர் ஓட்டுனேன்.”

ஜெயதீபனின் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் கை மட்டும் தெரிந்தது. போனைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. ஆனால் அணைக்கவில்லை.

“தம்பி தப்பா நெனச்சிட்டாரு. நானும் ஒடனே திருத்தாம விட்டுட்டேன். அது என் குத்தம், அவரு குத்தம் இல்ல. வியாழக்கெழமை வந்து ஒங்க வீட்டுல சோறு சாப்பிட்டுட்டு அப்புறம் இதச் சொல்லக் கூடாதும்மா. அதான் இப்பவே சொல்லிட்டேன்.”

அம்மா தராசுத் தூணில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

போனில் ஒரு காகம் கரைந்தது. யாரோ தூரத்தில் வாளி வைக்கும் சத்தம். மாமி மூச்சு விடுவது கேட்டது. நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணினால் பயம் குறையும் என்று சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம். பத்தொன்பது வரை போனேன்.

“எந்தக் கிணத்தில அள்ளினனீங்கள்?” என்று கேட்டார் புனிதவதி மாமி.

அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. குழைவு போயிருந்தது. அது மட்டும் நிச்சயம்.

அப்பா நிமிர்ந்து நின்றார். தோட்டத் துரைக்கு முன்னால் நிற்பதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நாலு கெணறும்மா. மொதக் கெணறு சந்திக்குப் பக்கத்துல, இடிஞ்ச கடைக்குப் பின்னால. அது வெயில் நாள்ல வத்திரும். ரெண்டாவது சின்னக் கெணறு, கட்டு இல்ல, சுத்தி வாழை நின்னுச்சு. மூணாவது ஒரு வீட்டு வளவுக்குள்ள. ஓடு எல்லாம் போன வீடு. கெணத்தடியில துணி தோய்க்கிற கல்லு ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு...”

“எங்கட கிணறு” என்று முணுமுணுத்தபடி ஜெயதீபன் தலையைத் தூக்கினார். இறங்கியிருந்த போனை இரண்டு கைகளாலும் பிடித்து மறுபடி அப்பாவின் வாய்க்கு நேரே கொண்டுவந்தார்.

அப்பா சொல்லிக்கொண்டே போனார். மறுமுனையில் யாரும் ‘ம்’ கொட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை.